சொட்டு நீலக் குழாய்

நெடுங்கரைக்குத் தண்ணீர் வருவதற்கு முன்னால் தண்ணீரின் படம்தான் வந்தது.

உப்பு லாரிகள் போய்ப் போய்ச் சாலையெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும் அந்தக் கடலோர ஊரை ஸ்மார்ட் சிட்டி ஆக்கப்போவதாகச் சொல்லி, மேற்கேயிருந்து சில பையன்கள் தடித்த கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். தெருத்தெருவாக நடந்து, தரையைக் குனிந்து குனிந்து பார்த்து, பூமிக்குக் கீழே எது எங்கே ஓடுகிறது என்று படம் பிடிப்பது அவர்கள் வேலை. பழைய குழாய்கள் எந்தக் காலத்திலோ புதைத்தவை, புதைத்தவர்களையும் புதைத்தாகிவிட்டது, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. ஆகவே ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்றை முன்னால் அனுப்பினார்கள். அவரவர் வாசலில் தண்ணீர்க் குழாயின் வழியை நீலக் கோடாகப் போட்டு வையுங்கள் என்று ஆட்டோ சொல்லிக்கொண்டே போனது. கண்ணாடி அந்த நீலத்தைப் பார்க்கும், பார்த்ததைப் பிடித்துக்கொள்ளும், பிடித்ததைப் படத்தில் குழாயாக்கிவிடும்.

ஊரின் கிழக்கு ஓரத்தில், பழைய சிப்பிக் குவியல்களின் மேல் எழும்பிய சிப்பிக்காட்டில், உப்பளத்துக்குப் போகிறவர்கள் குடியிருந்தார்கள். அங்கே குழாயே கிடையாது. மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோன அந்தத் தெருப் பெண்கள் ஆட்டோ சத்தம் கேட்டதும், கடைசியில் நமக்கும் போடப்போகிறார்கள், எந்த வழியாகப் போடட்டும் என்று கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். இல்லாத குழாய்க்கு வேறு எதற்காக வழி கேட்பார்கள்? பச்சரிசி மாவில் துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை விட்டுப் பிசறி, உலர்த்தி, மெயின் ரோட்டு முனையிலிருந்து தெருவின் கடைசி வீடுவரைக்கும் ஒரு கோடு இழுத்து, அதிலிருந்து வாசலுக்கு வாசல் கிளை பிரித்தார்கள். இழுக்கும்போது சிலர் சாமியைக் கும்பிட்டார்கள், சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

மேற்கு ஓரத்தில் பேங்க் காலனி. அங்கே நல்ல இரும்புக் குழாய் வீட்டுக்கு ஒன்று உண்டு, சில வீட்டில் யாருக்கும் தெரியாத இரண்டாவது ஒன்றும் உண்டு. குடியிருப்போர் சங்கச் செயலாளர் பரமசிவன், "வரி போடத்தான் கேக்காங்க, வாயத் திறக்காதீங்க" என்று வாட்ஸ்அப்பில் போட்டார். காலனியே வாசலைக் கழுவிவிட்டு, மீட்டர்ப் பெட்டியின் மேல் பூந்தொட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டது.

பையன்கள் நடந்தார்கள், பார்த்தார்கள், போய்விட்டார்கள். அவர்கள் எடுத்த படம் நீர்வழங்கல் அலுவலகத்தில் சுவர் அகலத் திரையில் ஏறியது. புது மேல்நிலைத் தொட்டியைத் திறந்த அன்றைக்குத் தண்ணீர் கீழே இறங்கி, பூமிக்குள் இருக்கிற குழாய்களை ஒரு பொருட்டாக மதிக்காமல், படத்தில் இருக்கிற குழாய்களின் வழியே போனது.

அவ்வளவுதான் நடந்தது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல யாருக்கும் எதுவும் தெரியாது. சிப்பிக்காட்டில் அன்று காலை கோடு முடிகிற ஒவ்வொரு வாசலிலும் மணல் கறுத்தது, பிறகு நனைந்தது, பிறகு குமிழியிட்டது. பெண்கள் குடத்தைத் தேடி ஓடினார்கள். ஆச்சரியப்படுவதற்கு அப்புறம் நேரம் இருந்திருக்கும், ஆனால் அப்புறம் துணி துவைக்க வேண்டியிருந்தது.

நாலைந்து வாரத்தில் அந்தத் தண்ணீரின் குணமெல்லாம் தெருவுக்குப் பழகிவிட்டது. நேர்க்கோடு இழுத்த வீட்டில் தண்ணீர் முகத்தில் அடித்தது. சிக்குக் கோலமாக வளைத்து வளைத்துப் போட்ட வீட்டில் அது ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிவிட்டுத் தலை கிறுகிறுத்து மெல்ல வந்து சேர்ந்தது. கோட்டின் முனையில் ஆசைக்குத் தாமரை போட்டவளுக்கு இதழுக்கு ஒன்றாக மெல்லிய ஊற்றுகள் கிளம்பி, எதில் குடத்தை வைப்பது என்று அவள் திண்டாடினாள். எல்லாரும் ஆளுக்கொரு சிமெண்ட் தூணை நட்டு, குழாய்த் தலையை அதில் பொருத்தி, அடியை மணலில் சும்மா சொருகினார்கள். திறந்தால் வந்தது, மூடினால் நின்றது. தண்ணீரில் லேசாக நீலம் இருந்ததால் வெள்ளைத் துணி தனியாக நீலம் கேட்கவில்லை, சிப்பிக்காட்டுப் பிள்ளைகளின் சட்டையைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் கண் கூசியது.

ஒன்றில் மட்டும் தெரு உஷாராக இருந்தது. கோடு அழியக்கூடாது. அழிந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள யாருக்கும் ஆசையும் இல்லை. காலையில் பழைய கோட்டைப் பெருக்காமல் அதன் மேலேயே புதுக்கோடு இட்டார்கள். மழை வந்தால் குடையும் தார்ப்பாயும் பிடித்துக் கோட்டின் மேல் நின்றார்கள், தாங்கள் நனைந்தாலும் பரவாயில்லை என்று. இட்டு இட்டு அந்தக் கோடு கைப்பிடிச் சுவர் மாதிரித் தடித்து, தெருவின் நடுவே ஒரு நீல வரப்பாக ஓடியது. ஆடுகூட அதைத் தாண்டித்தான் போனது.

அந்தத் தெருவில்தான் ஐம்பதை நெருங்கிய சண்முகவடிவு இருந்தாள். வடிவு என்று கூப்பிடுவார்கள். தொட்டி திறந்த பிறகுதான் நீர்வழங்கலில் அவளுக்கு ஒப்பந்த வேலை கிடைத்தது. அதே மாதிரித் தடித்த கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊர் முழுக்க நடந்து, படத்தில் இருப்பதைச் சரிபார்த்து, உண்டு என்றோ இல்லை என்றோ வாயால் சொல்ல வேண்டும். கண்ணாடி அவள் குரலைத்தான் கேட்கும்.

மாட்டிய முதல் நாள் மார்க்கெட்டு நடுவில் அவளுக்குக் கால் எடுத்து வைக்கப் பயமாக இருந்தது. தார்ச்சாலை கண்ணாடித் தரை மாதிரி ஆகிவிட்டது. அடியில் நீலமாகக் குடிதண்ணீர், பச்சையாகச் சாக்கடை, சிவப்பாகக் கரண்டு, ஆரஞ்சாகத் தொலைபேசிக் கம்பி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று எழுத்துகள் மிதந்தன. முன்பெல்லாம் ஒரு குழாய் உடைந்தால் கண்ட இடத்தில் தோண்டி, கரண்டுக் கம்பியில் கடப்பாரையைப் போட்டு, பாதி ஊரை இருட்டாக்கிவிட்டுத்தான் உடைப்பைக் கண்டுபிடிப்பார்கள். இப்போது வடிவு நின்று கைகாட்டிய இடத்தில் தோண்டினால் உடைப்பு அங்கே இருந்தது. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் உதவிப் பொறியாளர் விக்டர் துரைசிங் அவள் பார்ப்பதையெல்லாம் தன் திரையில் பார்த்து, "இடது பக்கம் வால்வு, ரெண்டு சுத்து மூடுங்கக்கா" என்று காதுக்குள் சொல்வார். ஊர் தன் தோலைக் கழற்றிவிட்டு அவளிடம் மட்டும் நரம்பைக் காட்டுகிற மாதிரி இருக்கும். வேலை முடிந்து கண்ணாடியைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் வெறும் ரோட்டில் நடக்க என்னவோ போல் இருக்கும், யாரோ பேசிக்கொண்டிருந்து சட்டென்று வாயை மூடிக்கொண்டது போல.

தன் தெருவைக் கண்ணாடியில் பார்த்தபோது அடியில் கொழுத்த நீலக் குழாய் ஓடியது. கழற்றினால் மணலும் சிப்பியும். அவள் விக்டரிடம் அப்படியே சொன்னாள். விக்டர் ஆட்களோடு வந்து ஒரு இடத்தில் தோண்டச் சொன்னார். இடுப்பளவு போனதும் தண்ணீர் தெரிந்தது. குழாய் இல்லாமல், உருண்டையாக, முழங்கை கனத்தில், பளிங்குத் தடி போல மண்ணுக்குள் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. சிந்தவில்லை. ஒரு சிப்பி அதன் மேல் பட்டுக் குளிர்ந்து ஒட்டியிருந்தது. விக்டர் கண்ணாடியை வாங்கிப் போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார்.

"பைப் எங்கக்கா?"

"தண்ணி இருக்குல்லா சார்."

அவர் குழியின் ஓரத்தில் குந்தி, அடிமண்ணில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு கசிவு இல்லை என்று பதிந்துகொண்டு, குழியை மூடச் சொன்னார். கசிவு இல்லை என்பது உண்மையும்கூட.

பேங்க் காலனியில் தொட்டி திறந்த அன்றிலிருந்தே தண்ணீர் வரவில்லை. குழாய் இருந்தது, மோட்டார் இருந்தது, மேலே தொட்டி இருந்தது. வடிவு போய்ப் பார்த்தாள். வெறும் கண்ணுக்கு மீட்டர்ப் பெட்டியும் அதன் மேல் ரோஜாத் தொட்டியும் தெரிந்தன. கண்ணாடியை மாட்டினால் காலனிக்கு அடியில் சுத்தமாக ஒன்றுமில்லை, யாரும் குடியேறாத பூமி மாதிரிக் கிடந்தது. குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. சில சமயம் அந்தக் காற்றோடு சிப்பிக்காட்டின் சத்தம் வந்தது என்று காலனிக்காரர்கள் சொன்னார்கள். குடம் உரசுவது, பிள்ளையைத் திட்டுவது, யாரோ சிரிப்பது. சமையலறையில் நின்று அடுத்தவர் தெருவின் சண்டையைக் கேட்டுக்கொண்டே அவர்கள் வெறும் பாத்திரத்தைப் பார்த்தார்கள்.

முதலில் சிப்பிக்காட்டுக்கு வந்தவர் ரத்தினபாய் டீச்சர். காலனியில் தனியாக இருப்பவர், ஓய்வு பெற்றவர். சிப்பிக்காட்டில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டால் ஆள் நிற்க வேண்டியதில்லை, குடம் நிற்கும். டீச்சரின் கையில் ஒரு வாளிதான் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு நிழலில் நிற்க ஆசைப்பட்டு, வரிசையில் தன் குடையை வைத்தார்.

வடிவின் நாத்தனார், அவள் மைனி என்று கூப்பிடுகிற முத்துக்கிளி, அதைப் பார்த்துவிட்டாள். உப்பளத்தில் இருபது வயதில் இறங்கியவள், அந்தத் தெருவில் அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் இல்லை.

"என்ன டீச்சர், குடையிலயா தண்ணி கொண்டு போவிய? மேல பிடிக்கிறத கீழ பிடிக்கப் போறியளோ?"

"வாளி ஒண்ணுதான் இருக்குமா."

"ஒண்ணு போதும். இதுல வந்து உக்காருங்க. குடைக்கு முந்தி நீங்க." திட்டிக்கொண்டே வாளியை வாங்கி நிரப்பினாள். முத்துக்கிளியிடம் தண்ணீரும் ஏச்சும் ஒன்றாகத்தான் வரும்.

டீச்சருக்குப் பின்னால் வேலைக்காரப் பெண்கள் வந்தார்கள், ஸ்கூட்டரில் கேன் கட்டிக்கொண்டு ஆண்கள் வந்தார்கள், காரை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு யாரும் பார்க்கவில்லையே என்று பார்த்துக்கொண்டு சிலர் வந்தார்கள். கேட்டு வாங்குவது பழக்கமில்லாதவர்களுக்கு அது பெரிய பாடாக இருந்தது. பாடு பொறுக்காமல் பரமசிவன் புகார் எழுதினார்.

விக்டர் வடிவை அலுவலகத்துக்கு வரச்சொன்னார். திரையில் ஊர் முழுதும் நீல நரம்புகளாக ஒளிர்ந்தது. காலனி இருக்கிற இடம் மட்டும் இருட்டு.

"அவங்க குழாய் நெசமாவே இருக்குதுக்கா. படத்துல இல்ல. புதுசா சேத்தா கம்ப்யூட்டர் ஏத்துக்க மாட்டேங்குது. தொட்டியில உள்ள தண்ணி இவ்வளவுதான்னு அதுக்குத் தெரியும். ஒண்ண எடுத்தாத்தான் இன்னொண்ணு சேரும். மேல இருந்து, இல்லாத குழாய எடுங்கன்னு சொல்லிட்டாங்க."

"எப்படி எடுக்கணும்?"

"தெருவுல நீலம் இருக்கக் கூடாது. கோட்ட அழிச்சிட்டு, கண்ணாடியோட ஒரு முனையிலேர்ந்து மறு முனைக்கு நடந்து, கடைசியில இல்லைன்னு சொல்லணும்." அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "நீங்க வேண்டாம்னா வேற ஆள அனுப்புவேன். எப்படியும் யாராச்சும் சொல்லித்தான் ஆகணும்."

வடிவு திரையைப் பார்த்தாள். இத்தனை அறிவுள்ள படத்துக்கு இருக்கு, இல்லை என்று இரண்டுதான் தெரிகிறதே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. சிப்பிக்காட்டில் தண்ணீர் என்றைக்கும் அப்படி இருந்ததில்லை. லாரித் தண்ணீர் வந்த காலத்தில் இன்றைக்கு மேலப் பக்கம், நாளைக்குக் கீழப் பக்கம் என்று முறை வைத்துத்தான் பிடித்தார்கள். இல்லாத நாளும் தண்ணீர் இருக்கிற நாளின் ஒரு பங்காகத்தான் இருந்தது.

"சார், முறை வச்சா?"

"அதுக்கு முறை தெரியாதுக்கா."

"நமக்குத் தெரியும்லா. ஒரு நாளு எங்க கோடு. மறுநாளு அத அழிச்சிட்டு அவிய கோடு. அதுக்கு மறுநாளு அத அழிச்சிட்டு எங்களது. ஒவ்வொரு நாளும் ஒண்ணுதான இருக்கும்? கம்ப்யூட்டருக்கு என்ன தெரியப் போவுது?"

விக்டர் திரையில் காலனியின் இருட்டைத் தொட்டுப் பார்த்தார். "முடியலாம்," என்றார். "ஆனா ஒரு தடவ அழிச்ச கோடு திரும்பப் போட்டா தண்ணி திரும்பும்னு எனக்குத் தெரியாது. அது மொதல்ல ஏன் வந்துச்சுன்னே எனக்குத் தெரியாது."

சாயங்காலம் உப்பளத்திலிருந்து எல்லாரும் வந்த பிறகு வடிவு தெருவில் விஷயத்தைச் சொன்னாள். கூச்சல் அடங்க நேரமாயிற்று. முத்துக்கிளி தன் வாசல் குழாயடியில் கல்லில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தாள். உப்பில் நின்று நின்று வெடித்து, ஆறாமல் இருந்த அந்தக் கால்கள் இந்த நல்ல தண்ணீர் வந்த பிறகுதான் மூடத் தொடங்கியிருந்தன. தினமும் வேலை விட்டு வந்து அவள் முதலில் செய்வது அதுதான். பாதத்தைப் பார்ப்பாள், தடவுவாள், யாரோ வீட்டுக் குழந்தையைப் பார்ப்பதுபோல.

"அவிய குழாய அவியதான பூந்தொட்டி வச்சு மறைச்சாவ? அதுக்கு நாங்க ஏன்ட்டி வாயில மண்ணப் போடணும்?"

"மறைச்சவுகளுக்கு மட்டும் வராம இல்ல மைனி. டீச்சரும் அங்கதான் இருக்காவ."

"டீச்சருக்கு நான் ஊத்துதேன். சாகுற வரைக்கும் ஊத்துதேன்."

"நாளைக்கு வேற ஒருத்தன் கண்ணாடி போட்டு வந்து இல்லைன்னு சொன்னா, அதோட முடிஞ்சுது. முறைன்னா நம்ம கையில இருக்கும்."

"அழிச்சிட்டு மறுபடி போட்டா வருமா?"

"தெரியாது மைனி."

"வரும்னு ஒரு பேச்சுக்காவது சொல்லித் தொலையேன், சவமே."

வடிவு சொல்லவில்லை. பகல் முழுக்க உண்டு, இல்லை என்று சொல்கிற வாய்க்குத் தெரியாத ஒன்றை உண்டு என்று சொல்ல வரவில்லை. தெரு அவளைப் பார்த்தது. வராமல் போனால் இல்லை என்று சொன்னவள் அவளாகத்தான் இருப்பாள், இதே தெருவில்தான் குடியிருக்க வேண்டும், இதே பெண்களோடுதான் ஒரே சாவுக்கும் சடங்குக்கும் போக வேண்டும். எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது, அவளுக்கும் தெரிந்திருந்தது.

முத்துக்கிளி குழாயை மூடினாள். ஈரக்காலை மணலில் வைக்காமல் கொஞ்ச நேரம் அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு முந்தி யாரும் அழிக்கக் கூடாது," என்றாள். "மொதல்ல நான்தான்."

மறுநாள் வெளிச்சம் வந்ததும் முத்துக்கிளி தன் வாசல் கிளையில் தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தை வைத்தாள். அவளுக்குப் பின்னால் தெருவே குனிந்தது. தடித்த நீல வரப்பைச் சுரண்ட வேண்டியிருந்தது, அதற்குள்ளிருந்து நாள்நாளாக இட்ட மாவு அடுக்கடுக்காக உதிர்ந்தது. எறும்புகள் கிளம்பிப் போயின. வடிவு கண்ணாடியோடு நடந்தாள். துடைப்பங்கள் போகிற வேகத்துக்கு அவள் காலுக்குக் கீழே பூமிக்குள் இருந்த நீலம் வெளிறிக்கொண்டே வந்தது. கடைசி வீட்டில் நின்று திரும்பிப் பார்த்தாள். மண் இருண்டிருந்தது. சொல்ல வேண்டிய சொல்லை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். காதுக்குள் விக்டரும் அவசரப்படுத்தவில்லை.

"இல்லை," என்றாள்.

தெரு முழுக்கக் குழாய்கள் ஒரு மாதிரிப் பெருமூச்சு விட்டு அடங்கின.

அங்கிருந்து எல்லாருமாகப் பேங்க் காலனிக்குப் போனார்கள். அங்கே யாருக்கும் கோலம் வராது. வாசலுக்கு வாசல் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கோலம் ஒட்டியிருந்தது. ரத்தினபாய் டீச்சர் தன் வாழ்நாளில் கோலப்பொடியைத் தொட்டதில்லை, நீல மாவைச் சாக்பீஸ் மாதிரிப் பிடிக்கப் பார்த்தார், அது கையிலிருந்து கொட்டியது.

"பிடிக்காதீங்க டீச்சர், விடுங்க," என்றாள் முத்துக்கிளி. "விரல் இடுக்கால தானா போவும். நீங்க அத மிரட்டுனா அது எங்க போவும்?"

பரமசிவன் பூந்தொட்டியை ஒதுக்கினார். இரண்டாவது குழாயின் மேலிருந்த தொட்டியை ஒதுக்காமல் நின்றார். முத்துக்கிளி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த ரோசா நல்லாருக்கு அண்ணாச்சி," என்றாள் கடைசியில். அவர் வீட்டுக்குள் போய்விட்டார். கோடு அவர் வீட்டுக்கும் ஒன்றுதான் போனது. வடிவு நடந்து, முனையில் நின்று உண்டு என்றாள். காலனியின் குழாய்கள் துருவைக் கக்கின, செம்மண் நிறத்தில் கொஞ்சம் கக்கின, பிறகு தெளிந்தன. கைதட்டினார்கள். சிப்பிக்காட்டுப் பெண்கள் கையில் ஒட்டியிருந்த நீலத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அன்றைக்குச் சிப்பிக்காட்டில் பிடித்து வைத்த தண்ணீரைத்தான் குடித்தார்கள். முத்துக்கிளி சாயங்காலம் குழாயடிக் கல்லில் வந்து உட்கார்ந்தாள், பழக்கத்தில் திருகினாள், ஒன்றும் வராததால் மூடினாள். யாரும் வடிவோடு அதிகம் பேசவில்லை. ஏசவும் இல்லை. அது ஏசுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் காலை அவள் காலனிக்குப் போனபோது டீச்சர் தன் வாசலைத் தெளித்துப் பெருக்கி முடித்திருந்தார். துடைப்பத்தைப் பிடிக்கவும் தெரியாமல் பிடித்து, சேலையெல்லாம் நீலம்.

"பைப்புல சத்தமே இல்ல வடிவு. தண்ணி நெறஞ்சிருக்குல்லா. இவ்வளவு நாளும் உங்க தெரு பேசிக்கிட்டே இருக்கும், நான் கேட்டுக்கிட்டே சமையல் பண்ணுவேன். நேத்து ஒரு சத்தமும் இல்ல. யாரோ போன் வச்சிட்ட மாதிரி."

இரண்டு மூன்று வீடுகள் டீச்சரைப் பார்த்து வெளியே வந்து பெருக்கின. மற்றவை பரமசிவன் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றன. பரமசிவன் தன் கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தார். கையில் நீல பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் இருந்தன. பெயிண்டால் ஒரு தடவை இழுத்துவிட்டால் எந்தத் துடைப்பமும் எடுக்காது.

வடிவு எதிரே போய் நின்றாள். கண்ணாடி போட்டவள் கோட்டில் கை வைக்கக் கூடாது, பார்க்கவும் சொல்லவும்தான் செய்யலாம்.

"நான் அநியாயமாப் பேசல," என்றார் அவர். "நீங்களே சொல்லுங்க. நாங்க இத அழிச்சிட்டோம், உங்க கோடும் வரல, எங்க கோடும் திரும்ப வரல. அப்ப ரெண்டு தெருவுக்கும் இல்லாமப் போயிரும். ஒருத்தருக்காவது இருக்கட்டும்லா?"

அந்தப் பயத்தில் பொய் இல்லை. வடிவுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.

"சரிதான் அண்ணாச்சி," என்றாள். "முந்தாநேத்து எங்க மைனியும் இதத்தான் கேட்டாவ. வருமான்னு கேட்டாவ. தெரியாதுன்னேன். அதக் கேட்டுக்கிட்டுத்தான் அழிச்சாவ."

பரமசிவன் டப்பாவைப் பார்த்தார். மூடி இன்னும் திறக்கவில்லை. எதிர்ச்சாரியில் டீச்சர், ஏற்கெனவே பெருக்கிய இடத்தையே மறுபடியும் பெருக்கிக்கொண்டிருந்தார். பரமசிவன் டப்பாவைப் படியில் வைத்தார். வீட்டுக்குள் துடைப்பம் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது, காலில் கிடந்த செருப்பால் கோட்டைத் தேய்க்க ஆரம்பித்தார், முதலில் நின்றுகொண்டு, பிறகு போகவில்லை என்று குனிந்து கையால். தேய்த்துக்கொண்டே நகர்ந்து, ரோஜாத் தொட்டியையும் ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, அடியிலிருந்த இரண்டாவது குழாயின் மூடியை வெயிலுக்குக் காட்டினார். அவரைப் பார்த்து மற்ற கேட்டுகள் திறந்தன.

வடிவு நடந்தாள், முனையில் நின்றாள், இல்லை என்றாள். ஊரில் அந்த நிமிஷத்துக்கு எந்தப் பக்கமும் கோடு இல்லை. திரையில் இரண்டு முனையும் இருட்டு என்று விக்டர் மெல்லிய குரலில் சொன்னார்.

அவள் ஓடினாள் என்று சொல்ல முடியாது, அந்த வயதில் ஓட வராது. ஆனால் சிப்பிக்காட்டு முனைக்கு வந்தபோது மூச்சு வாங்கியது. அங்கே பெண்கள் தெரு நீளத்துக்கு, மாவை விரலில் எடுத்து, குனிந்த முதுகோடு காத்திருந்தார்கள். அவள் தலையசைத்ததும் மாவு விழுந்தது. தாமரைக்காரி இந்த முறை தாமரை போடவில்லை, நேராக இழுத்தாள்.

வடிவு நடந்தாள். கண்ணாடிக்குள் மண் இருண்டே இருந்தது. மேலே புதுக்கோடு பளிச்சென்று கிடந்தது, கீழே ஒன்றுமில்லை. கடைசி வீட்டில் நின்று, தொண்டையைச் செருமி, "உண்டு" என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

ஒன்றும் நடக்கவில்லை.

முத்துக்கிளி தன் குழாயடிக் கல்லில் உட்கார்ந்து, பாதம் இரண்டையும் சேர்த்துக் குழாய்க்கு நேராக நீட்டி, அதைத் திறந்து வைத்திருந்தாள். தெரு அவளைச் சுற்றி வந்து நின்றது. பிள்ளைகளைக்கூட யாரும் அதட்டவில்லை. வடிவு கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். எல்லாருக்கும் முன்னால் அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று தோன்றியது. வந்தாலும் வராவிட்டாலும் மற்றவர்களோடு அந்தக் குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும் போலிருந்தது.

குழாய் செருமியது. காற்று வந்தது, நிறையக் காற்று. பிறகு நின்றது. பிறகு ஒரு சொட்டு, லேசாக நீலம் கலந்தது, முத்துக்கிளியின் வலது பாதத்தில், ஆறிக்கொண்டிருந்த வெடிப்பின் மேல் விழுந்து, அங்கேயே நின்று யோசித்தது. அதன் பின்னால் மொத்தத் தண்ணீரும் வந்தது.

யாரும் கத்தவில்லை. தெரு முழுக்க ஒவ்வொரு வாசலாகக் குடங்கள் நிரம்பும் சத்தம் மட்டும் எழுந்து, தெருவின் கடைசிவரைக்கும் போனது. அந்நேரம் பேங்க் காலனியில் டீச்சரின் சமையலறைக் குழாய்க்குள்ளும் அது கேட்டிருக்கும்.

முத்துக்கிளி குனிந்து காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்:

"நாளைக்கு அவிய முறையாட்டி?"

"ஆமா மைனி."

"அப்ப அந்தத் துடைப்பத்த உள்ள கொண்டு வைக்காத. வாசல்லயே கிடக்கட்டும்."